எந்த வண்டும் கடிக்கவில்லை

வண்டுகடி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டு என்ன பாவம் செய்தது? அது பாட்டுக்கு எங்கோ ஒரு பூவில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் உடம்பில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, அரித்துத் தொலைக்கிற படர்தாமரைக்கு அதன் தலையில்தான் பழி. தூங்கும்போது கடித்துவிட்டதாம். கடித்த வண்டை ஒருத்தரும் பார்த்ததில்லை. கேட்டால், "கடிச்சிட்டுப் பூடுச்சு" என்பார்கள்.

நான் திண்டிவனத்தில் ஜாக்கெட் தைக்கிறவள். கிளியனூர் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் கடை. ஒரு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், ஒரு ஃபேன், அளவெடுக்க மூலையில் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நான் பார்த்ததை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கையைத் தூக்கி நிற்பார்கள். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், அக்குளுக்குக் கீழே, முதுகில் ஜாக்கெட் பட்டி படுகிற இடத்தில், வட்டம் வட்டமாக இருக்கும். டீச்சருக்கு இருக்கும். காலேஜ் பெண்ணுக்கு இருக்கும். கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம், நாள் முழுக்க வியர்வையில் நின்றுவிட்டு வருகிறவர்கள். ஒன்றுமில்லாத இடுப்பைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பார்ப்பேன், கேட்க மாட்டேன். அது தொழில் மரியாதை. அவர்களாகவே சொல்வார்கள்: "வண்டு கடிச்சிருக்குது டெய்லரு, டேப்பை மெல்லமா வையி." சரி என்று மெல்ல வைப்பேன். அளவு எடுத்து முடித்ததும் அந்த இஞ்ச் டேப்பை என் கழுத்தில் போட்டுக்கொள்வேன். உலகத்தில் எந்த டெய்லரும் டேப்பைக் கழுத்தில்தான் போட்டுக்கொள்வார். அடுத்த ஆள் வந்தால் கழுத்திலிருந்து எடுத்து அவர் இடுப்பில், திரும்ப என் கழுத்தில். இப்படியே பல வருஷம் ஓடியது.

பிறகு ஒரு சித்திரையில் என் கழுத்தில் வட்டம் வந்தது. டேப் கிடக்கிற இடத்தில், இடது பக்கம். முதலில் ஒரு ரூபாய் அளவு. பத்து நாளில் உள்ளங்கை அளவு. டேப்பிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, என் வீட்டிலும் அது இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் எனக்குச் சந்தேகம் டேப்பின் மேல்தான்.

என் வீட்டுக்காரர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவரிடம் காட்டினேன். "வண்டுகடி. உட்டா தானா பூடும்" என்றார். சொல்லிக்கொண்டே தொடையைச் சொறிந்தார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே துண்டு. அவர் குளித்துவிட்டுக் கொடியில் போடுவார், அதையே எடுத்து நான் தலை துவட்டுவேன். வண்டு கடித்ததற்கும் துண்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சொல் செய்கிற அநியாயம் அதுதான். கடி என்று சொல்லிவிட்டால் அது கடிபட்டவரோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் படுப்பவருக்குப் பரவும் என்று யாருக்கும் தோன்றாது. ஒரே துண்டு, ஒரே பாய், ஒரே சோப்பு, வீடு முழுக்க வண்டு.

வைத்தியம் சொன்னது கடையின் சொந்தக்காரம்மா. அவர்களுக்கு ஒலக்கூர் பக்கம் நிலம் இருக்கிறது. திண்டிவனத்தில் இந்தக் கட்டடம், மேலே அவர்கள் வீடு, கீழே முன் அறையில் என் கடை. வீட்டுக்காரம்மா என்றுதான் சொல்வேன். அவருக்கு ஜாக்கெட் தைப்பது நான்தான். அவர் இடுப்பு நாடாவைச் சுற்றி அது வெகுநாளாகவே இருந்தது. என் கழுத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சந்தோஷம் கூட வந்தது, கூட்டாளி கிடைத்த சந்தோஷம்.

"இதுக்கு எதுக்கு டாக்டரு? சீமையகத்தி இலைய எலுமிச்சம்பழச் சாறு உட்டு அரைச்சுப் பூசு. அதுக்குப் பேரே வண்டுகொல்லிதான். எங்க கொல்லையில வாய்க்கா ஓரம் புதரா கெடக்குது, கொண்டாரச் சொல்றேன்."

கொண்டுவரவும் செய்தார், அதை மறைக்க மாட்டேன். ஒரு பை நிறைய இலை. நுனியில் மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கிற மஞ்சள் பூவோடு. அம்மியில் வைத்து அரைத்துப் பூசினேன். எலுமிச்சைச் சாறு பட்டதும் சுரீர் என்று எரியும், பிறகு அரிப்பு அடங்கும். ஓரத்துத் தடிப்பு வாடிச் செதிலாக உதிர்ந்தது. இலை வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்தது. ஆனால் என் வேலையைக் கெடுத்தது. கழுத்தில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு டெய்லர் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் முதலில் எங்கே பார்ப்பார்கள்? சந்தன நிற லைனிங் துணியில் ஒருநாள் பச்சைக் கறை பட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த பின்பு மட்டும் பூசினேன். வாரத்துக்கு ஒருநாள் பூசினால் எந்த மருந்து கேட்கும்? ஒரு வாரம் இலை கொழுந்தாக இருக்கும், ஒரு வாரம் முற்றியிருக்கும், சாறு கொஞ்சம் கூடினால் தோல் வெந்துவிடும். எவ்வளவு இலை, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டால் அந்தம்மாவின் பதில் ஒன்றுதான்: "கொஞ்சமா எடுத்து கொஞ்ச நாளைக்குப் பூசேன்."

போனைத் திறந்தால் அதில் ஒரு கூட்டம். ஒருவர் பூவரசங்காய்ப் பால் என்கிறார், ஒருவர் வேப்பெண்ணெய் என்கிறார், ஒருவர் பூண்டு. எல்லோரும் கடைசியில் சொல்லி வைத்தாற்போல ஒன்றைச் சொல்கிறார்கள்: பக்கவிளைவே கிடையாது. பூண்டை வைத்துக் கட்டி என் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கொப்புளம் வந்தது. அது என்ன, முன்விளைவா?

இலையில் அலுத்துப்போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா தைலம் கொண்டுவந்தார். பௌர்ணமிக்குத் திருவக்கரை போயிருந்தாராம். கூட்டத்தில் வேனை நிறுத்தி ஒருவர் மைக்கில் விற்றாராம். பச்சைப் புட்டி, அதன்மேல் இலைப் படம். "அத்தனையும் பச்சிலை. நாலு பூச்சுல எனக்குக் காணாமப் பூடுச்சு பாரு" என்று திரைக்குப் பின்னால் போய் இடுப்பைக் காட்டினார். உண்மைதான், சிவப்பு போயிருந்தது. எனக்கும் போனது. மூன்று நாளில் அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. இலைக்கு இருந்த எரிச்சல் கூட இல்லை. இப்படி ஒரு மருந்தா என்று புட்டியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

புட்டி தீர்ந்ததும் திரும்ப வந்தது. சும்மா வரவில்லை. கழுத்தைச் சுற்றி, காதுக்குப் பின்னால், தாடை வரைக்கும். வட்டமாகவும் இல்லை, ஒரு ஓரமும் தெரியவில்லை, மண் சுவரில் தண்ணீர் ஊறினது மாதிரி பரவிக் கிடந்தது. சேலைத் தலைப்பால் மூட முடியாத இடம்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு, அம்மாவுக்கு, அத்தை சித்திமார்களுக்கு என்று எல்லா ஜாக்கெட்டும் என்னிடம்தான் என்று பேச்சு. அந்தக் கல்யாணத்தை நம்பித்தான் நான் வேறு வேலை எடுக்காமல் இருந்தேன். பட்டுத் துணியெல்லாம் வந்து இறங்கிவிட்டது. ஒருநாள் துணியோடு பொருந்துகிற நூல் காட்ட மாடிக்குப் போனேன். உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது.

எங்கள் அப்பா கூலி வேலைக்குப் போன ஊரில் டீக்கடைக்கு வெளியே அவருக்கென்று தனி கிளாஸ் மாட்டியிருக்குமாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை. பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற அந்த நேரத்தில் அந்த கிளாஸ்தான் ஞாபகம் வந்தது. குடிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அந்தம்மா ஒரு ஆளோடு வந்து துணியையெல்லாம் எடுத்தார்.

"தப்பா நினைக்காதம்மா. கல்யாண வூட்டுத் துணி. உனக்கு இருக்கறது ஒட்டுவாரொட்டின்னு எங்க நாத்தனார் சொல்லுது. நீ தொட்டுத் தெச்ச துணிய பொண்ணு மேல போட்டா..."

"உங்களுக்கும் இருந்துதேங்கம்மா? நீங்கதானே தைலம் குடுத்தீங்க?"

"அட, எனக்கு வண்டு கடிச்சிது. அதுவும் இதுவும் ஒண்ணா?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் இடுப்பில் இருந்தால் வண்டுகடி, என் கழுத்தில் இருந்தால் ஒட்டுவாரொட்டி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு முழம் புடவைதான். அவருக்கு மூடிக்கொள்ள முடிந்தது, எனக்கு முடியவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்தேன், மேஜையில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

சொல் தெருவில் இறங்கிவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்கள் திரைக்குப் பின்னால் வருவதை நிறுத்தினார்கள். முழுக்கவும் விட்டுவிடவில்லை, என் கைத்தையல் அவர்களுக்கு வேண்டும், கைதான் வேண்டாம். அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்பினார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, இதே மாதிரி தை என்று சொல்வது எங்கும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் அளவெடுக்க வந்து நின்றவர்களெல்லாம் ஒரே மாதத்தில் அளவு ஜாக்கெட்டுக்கு மாறினார்கள். காலையில் கடை திறக்கும்போது கதவுக் கைப்பிடியில் கேரி பேக் தொங்கும், உள்ளே துணியும் பழைய ஜாக்கெட்டும் ஒரு சீட்டும். பிள்ளை பெற்ற பெண் கல்யாணத்துக்கு முந்தின ஜாக்கெட்டை அனுப்பி, கொஞ்சம் லூஸ் விடு என்று எழுதியிருப்பாள். எங்கே லூஸ், எவ்வளவு லூஸ்? தைத்துக் கொடுத்தால் இடித்தது, பிடித்தது, தோள் விழுந்தது என்று புகார். பிறகு அந்தக் கேரி பேக்கும் குறைந்தது. மெஷின் மேல் தூசி படிவதை அந்த மாதம்தான் பார்த்தேன்.

கடையை மூடிவிட்டு நானும் கம்பெனி பஸ் ஏறலாமா என்கிற நிலைமையில்தான் விழுப்புரம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோல் பிரிவு வரிசையில் நின்றபோது என் கோபம் இன்னும் ஏறியது. முன்னாலும் பின்னாலும் எத்தனை பேர்! எல்லோரும் ஏதோ ஒன்றைப் பூசிப் பார்த்துவிட்டு வந்தவர்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த மாதத்தில் என் கழுத்தைத் தொட்ட ஒரே ஆள். கத்தி முனையால் கொஞ்சம் செதில் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துச் சோதனைக்குக் கொடுத்தனுப்பினார்.

"வண்டு எதுவும் கடிக்கலம்மா. இது பூஞ்சை. ஊறுகாய் மேல பூக்குது பாருங்க, அந்த இனம். தொட்டா, துணி மாறினா பரவும். வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

என் வீட்டுக்காரர் தொடை ஞாபகம் வந்தது. கூடவே தெருவில் பாதிப் பேர் ஞாபகம் வந்தது.

தைலப் புட்டியைக் காட்டினேன். அவர் மோந்து பார்த்தார், படத்தைப் பார்த்தார், புட்டியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "மூணு நாள்ல செவப்பு போச்சா? நிறுத்தினதும் பல மடங்கா வந்துச்சா? அப்ப இலை மட்டும் இருக்கிற மாதிரி தெரியல. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது செவப்பை அமுக்கும், பூஞ்சையைச் சாகடிக்காது, நல்லா வளரவிடும். சோதிக்காம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே தொடாதீங்க."

சீமையகத்தியைப் பற்றியும் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்த இலைச் சாற்றுக்குப் பூஞ்சையை அடக்குகிற குணம் இருக்கிறது, பல இடங்களில் அதை ஆராய்கிறார்கள் என்றார். "ஆனா லேப்ல தட்டுல அடங்குறது வேற, உங்க கழுத்துல அடங்குறது வேற. அளவு தெரியணும்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அளவு தெரியாமல் நான் ஒரு ஜாக்கெட் கை கூட வெட்ட மாட்டேன். என் உடம்புக்கு மட்டும் கொஞ்சமா எடுத்து கொஞ்ச நாளைக்குப் பூசினேன். அந்த இலையின் பேரைச் சொல்லி வேனில் மைக் வைத்து எதையோ விற்றவன் மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே! நல்ல இலையின் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டான் அவன்.

மாத்திரை, களிம்பு, இரண்டும் தந்தார்கள். மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து போட வேண்டும், ஆளுக்கொரு துண்டு, துணியை வெந்நீரில் அலசி உள்பக்கம் வெளியே வைத்து வெயிலில் காயவிட வேண்டும். வீட்டுக்காரர் முரண்டு பிடித்தார். "எனக்கு இன்னா கேடு? வண்டுகடிக்குப் போயி மாத்திரையா? பேஜாரு பண்ணிக்கினு இருக்கியே." வண்டுகடி என்று இன்னொரு தரம் இந்த வீட்டில் காதில் விழுந்தால் சோறு கிடையாது என்று சொன்னேன். மறுநாள் சோறு போடவும் இல்லை. அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆற வெகுநாள் ஆனது. கழுத்தில் கருமை மட்டும் மிச்சம். பழைய டேப்பை எரித்தேன். புதிய டேப் வாங்கினேன், கழுத்தில் போடுவதில்லை, ஆணியில் மாட்டுகிறேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் துணியும். கதவில் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: அளவு ஜாக்கெட் வாங்கப்படாது, ஆள் வந்தால் மட்டும் அளவெடுக்கப்படும். இருக்கிற நாலு பேரையும் விரட்டுகிறாய் என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். விரட்டினால் விரட்டினதாக இருக்கட்டும். என்னைத் தொடக் கூசுகிறவர்களுக்கு என் தையல் எதற்கு?

கல்யாணம் நெருங்கின ஒரு மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். பின்னாலேயே கல்யாணப் பெண். விழுப்புரத்தில் பெரிய கடையில் கொடுத்துத் தைத்த ஜாக்கெட் எல்லாம் தோளில் நிற்கவில்லையாம்.

"ஜல்தியா புடிச்சுக் குடும்மா. இந்தா, அளவு ஜாக்கெட்டு."

அட்டையைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. பெண் திரைக்குப் பின்னால் போய் நின்றது. முதுகைப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பரவிக் கிடந்தது, வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. என் தாடையில் நான் பார்த்த அதே கோலம். தைல வாடை அடித்தது.

"அதுக்கு ஒண்ணும் இல்ல" என்று அம்மா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "சின்னதா வண்டுகடி."

பெண் அழ ஆரம்பித்தது. "யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லிக்கினே அம்மா பூசுறாங்கக்கா. ராவெல்லாம் எரியுது. மாப்பிள்ளை வூட்டுல பார்த்தா இன்னா ஆவும்?"

அந்தப் பெண் மேல் எனக்கு என்ன கோபம்? ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் முதுகில் இவ்வளவும் வளர்த்துவிட்டார்கள். கை வைத்துத்தான் அளவெடுத்தேன், தோள், முதுகு, மார்பு எல்லாம். தைலத்தை நிறுத்தி நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, நீ மட்டும் போகாதே, அம்மாவையும் கூட்டிப் போ என்று அவர் காதில் விழும்படியாகச் சொன்னேன். டேப்பைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து மாட்டினேன்.

அடுத்து அந்தம்மா வந்து நின்றார். அவருடைய ஜாக்கெட்டும் இடிக்கிறதாம். முந்தானையை எடுத்துக் கையைத் தூக்கினார். ஆணியிலிருந்து டேப்பை எடுத்து மறுபடியும் துடைத்தேன்.

"இப்பதான துடைச்ச? இன்னாத்துக்கு?"

"உங்களுக்கு ஒட்டக் கூடாதுன்னுங்கம்மா."

இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். நாடா இறுக்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது. அளவைச் சொல்லி எழுதினேன். பிறகு அவர் கண் முன்னாலேயே கிண்ணத்தை எடுத்து வைத்து, டேப்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அவசரப்படாமல் துடைத்தேன்.

"மறுபடியும் இன்னாத்துக்கு?"

"எனக்கு ஒட்டக் கூடாதுன்னுங்க."

அவர் கை அப்படியே தூக்கினபடி நின்றது. பிறகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போகணும் என்று மட்டும் கேட்டார். வண்டைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவே இல்லை.